தேனீயின் நஞ்சும் வலிப்பு நோயும்

தேன் என்னுஞ் சொல்லைச் செவிமடுத்த அளவிலே நாவில் நீரூறுவதும், தேனீ என்னுஞ் சொல்லைச் செவிமடுத்த அளவிலே பிடரி சற்றே கூசுவதும் மக்கட்கெல்லாம் இயல்பு. சின்னஞ்சிறு உயிரொன்று ஒரு முனையில் இனிமையையும் மறு முனையில் எரிச்சலையும் சுமந்து திரிகின்றது. இவ்விரண்டனுள் தேனைப் பாடிய புலவர் எண்ணிலர். நஞ்சினைப் பாராட்டிய புலவர் ஒருவரையேனும் யாம் கண்டிலோம். ஆயின் இந்நாளில் நஞ்சிற்கும் புகழ் பிறந்திருக்கின்றது. தேனீயின் கொடுக்கிலுள்ள நஞ்சு வலிப்பு நோயைத் தடுக்கும், நடுக்குவாதத்தைத் தணிக்கும், முதியோரின் மறதி நோயையும் மாற்றும் என்னும் செய்திகள் கைப்பேசித் திரைகளில் உலவுகின்றன. அவற்றுட் சில ஆராய்ச்சியாளர் கூற்றுக்கள். பல, அக்கூற்றுக்களின் தலையை மட்டும் வெட்டியெடுத்து உடலை எறிந்துவிட்டவை. தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் உயிர்நூலிற் புகுந்து பேசுதல் எல்லை கடந்த செயல் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சொல்லை எடைபோட்டுப் பார்த்தல் எம் தொழில். ‘தடுக்கும்’ என்னுஞ் சொல்லுக்கும் ‘தடுக்கக்கூடும்’ என்னுஞ் சொல்லுக்கும் இடையே நோயாளி ஒருவரின் உயிர் ஊசலாடுகின்றவிடத்து எமக்கும் சிறிது வேலையுண்டு.

எமது கருத்தை முதற்கண்ணே வெளிப்படையாகக் கூறிவிடுகின்றோம். தேனீ நஞ்சினுள் மூளை நோய்க்கு மருந்தாகத்தக்க பொருள் இருத்தல் கூடும். அதனைத் தேடும் ஆராய்ச்சி தடையின்றி நடத்தல் வேண்டும். ஆயின் நஞ்சு வேறு, நஞ்சினுள் உள்ள பொருள் வேறு. இவ்வேறுபாட்டை மறைத்து, வலிப்பு நோயாளிக்குத் தேனீயைக் கொட்டுவித்தலே பரிகாரம் என்று கூறுவாரை யாம் ஒருபோதும் ஒப்போம்.

முதலில் நஞ்சு யாதென நோக்குவோம். ஆய்வுக்கூடங்களிற் பெரிதும் பயில்வது மேனாட்டுத் தேனீயாகிய ஏபிஸ் மெல்லிஃபெராவின் நஞ்சே. நம் தோப்புகளிற் பெட்டி வைத்து வளர்க்கப்பெறும் இந்தியத் தேனீயும், பாறை முகட்டிற் கூடு தொங்கவிடும் மலைத்தேனீயும் அதற்கு உறவு. (இந்தியத் தேனீயின் உடலளவிற்கேற்ற சிறு பெட்டியை அமைத்துத் தந்தவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டில் ஊழியம் புரிந்த நியூட்டன் என்னும் பாதிரியார்; அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இக்கட்டுரைக்கு அஃது இன்றியமையாததன்று. எனினும் நம்மவர் அறிந்திருக்கத்தக்கது.) வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உள. ஆதலின் நம் தோலிற் பாய்ந்த கொடுக்கு மீளாது. தேனீ பறக்க முயலுங்கால் கொடுக்கும் நஞ்சுப் பையும் அதன் உடலினின்று அறுந்துவிட, தேனீ மாள்கின்றது. அறுந்த பையோ தன் கடமையைக் கைவிடாது இன்னுஞ் சிறிது நேரம் நஞ்சினை உட்செலுத்திக்கொண்டே இருக்கும். இவ்வாறு ஒரு கொட்டில் உட்புகும் நஞ்சு, உலர்ந்த எடையில், ஏறக்குறைய ஒரு மில்லிகிராமிற் பத்தில் ஒரு பங்கு.

அத்துணைச் சிறிய நஞ்சும் ஒரே பொருளன்று; பலர் கூடி வாழும் குடும்பம் போல்வது. உலர்ந்த நஞ்சிற் பாதியளவு மெலிட்டின் என்னும் பொருள். 26 அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி அது. உயிரணுக்களின் மெல்லிய சுவரைத் துளைத்து உடைப்பது. கொட்டிய இடத்தில் நெருப்பு வைத்தாற்போன்ற எரிச்சலுக்குப் பெருங் காரணம். பத்தில் ஒரு பங்கினை ஒட்டி நிற்பது பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி. ஹயலூரோனிடேஸ் என்னும் பிறிதொரு நொதி, உடலின் அணுக்களிடையே உள்ள பசையைக் கரைத்து, கள்வர்க்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிடும் வேலையாளைப்போல ஏனையவற்றிற்கு வழி செய்கின்றது. இவற்றினிடையே நூற்றில் இரண்டு மூன்று பங்கே உள்ள அபமின் என்னும் பொருளையே இக்கட்டுரையின் தலைவன் எனல் வேண்டும். 18 அமினோ அமிலங்களே உடைய இச்சங்கிலியை 1960-களில் ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். குருதியினின்று மூளைக்குட் கண்ட பொருளெல்லாம் புகாவண்ணம் இயற்கை ஓர் அரண் அமைத்துள்ளது. எத்தனையோ நல்ல மருந்துகள் அவ்வரணைக் கடக்கமாட்டாமல் வாயிலில் நின்று மீள்கின்றன. அபமினோ அதனைக் கடந்து உட்செல்ல வல்லது. மூளை நூலார் இதனை விரும்பித் தேடியதற்கு அஃதொரு காரணம்.

அபமின் மூளையிற் புரியும் செயலைக் கமலை இறைப்பைக் கொண்டு விளக்கலாம். கமலையில் மாடுகள் சரிவில் இறங்கிச் சால் நீரை மேலே ஈர்க்கும். ஈர்த்தபின் பின்வாங்கி மேட்டிற்கு வந்து நின்றாலன்றி அடுத்த சால் இறைத்தல் இயலாது. நரம்பணுவும் இவ்வாறே ஒருமுறை மின்துடிப்பை எழுப்பியபின் சிறிது ஓய்ந்தே மறு துடிப்பிற்கு ஆயத்தமாகும். துடிப்பின்போது அணுவினுட் கால்சியம் புகுகின்றது, அதனை உணர்ந்து திறக்கும் நுண்ணிய வாயில்களின் வழியே பொட்டாசியம் வெளியேறுகின்றது, அணு அமைதியுறுகின்றது. அபமின் இவ்வாயில்களைத் தேடிச் சென்று அடைத்துவிடும். மேட்டிற்கு மீளும் மாட்டினை நடுவழியிலேயே மடக்கி மீண்டும் சரிவில் ஓட்டுவது போலாம் இது. நரம்பணு ஓய்வு குன்றி மேன்மேலும் துடிக்கும்.

இனி, வலிப்பு என்பதுதான் யாது? நரம்பணுக் கூட்டமொன்று அடக்கமின்றி ஒருங்கே துடித்தலன்றோ! ஆகவே அபமினை மிகுதியாகப் பெற்ற எலிகள் வலிப்பெய்தும் என்பது வியப்பன்று. ஆய்வுக்கூடங்களிற் பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. நஞ்சின் மற்றோர் உறுப்பாகிய எம்.சி.டி. பெப்டைடு என்பது 22 அமினோ அமிலங்களுடையது; வேறொரு வகைப் பொட்டாசிய வாயிலை அடைப்பது. அதனை எலியின் மூளையிற் செலுத்தியபோதும் வலிப்பே தோன்றிற்று. தேனீ நஞ்சு வலிப்பைத் தடுக்கும் என்று முழங்குவோர் இவ்விரு செய்திகளையும் தம் வாயால் உரைக்க யாம் இதுகாறும் கேட்டிலோம். வலிப்பை எழுப்பவல்ல பொருள் இரண்டு உள்ளே குடியிருக்க, அந்நஞ்சு முழுவதையும் வலிப்பு மருந்து என்பது, தீப்பந்தம் ஏந்தியவனை வைக்கோற்போருக்குக் காவல் வைப்பதனை ஒக்கும்.

அங்ஙனமாயின் அறிஞர் இதன்பால் நம்பிக்கை கொண்டது எதனால்? அதற்கும் காரணமுண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று.

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தில், டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மாய்கின்றன. அந்நோயை ஒத்த நிலையைச் சுண்டெலிகளில் உண்டாக்கி, அவற்றிற்குத் தேனீ நஞ்சினைச் சிற்றளவிற் செலுத்தியபோது அவ்வணுக்கள் ஓரளவு காக்கப்பட்டன என்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் உள்ள ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்டனர். அபமினைத் தனியே கொடுத்தபோது அப்பயனில் ஒரு பகுதியே கிட்டியது. தளர்ந்து மாயும் அணுவிற்குச் சிறு தூண்டுதல் உயிர்க்காப்பாகவும், நலமுற்ற அணுவிற்கு அதே தூண்டுதல் அளவு மிகுந்தபோது வலிப்பாகவும் முடிதல் கூடும் போலும். தென் கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழகத்தார் வேறு வழியிற் சென்றனர். நஞ்சிலுள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2, உடலின் நோயெதிர்ப்புப் படையில் அடக்கியாளும் தொழிலையுடைய ஒருவகை டி-அணுக்களைப் பெருக்குகின்றது என்றும், அதனால் மூளையின் அழற்சி தணிகின்றது என்றும் அவர்கள் எலிகளிற் கண்டனர். நடுக்குவாதம், அல்சைமர் என்னும் மறதி நோய் ஆகிய இரண்டினையும் ஒத்த நிலைகளில் இது காணப்பட்டது.

வலிப்பு நோய்க்கும் அழற்சிக்கும் தொடர்புண்டு. மூளையின் அழற்சி வலிப்பிற்கு வித்தாகின்றது. வலிப்பு மீண்டும் அழற்சியை வளர்க்கின்றது. எனவே அழற்சியைத் தணிக்கும் பொருள் வலிப்பையும் தணிக்கலாம் என்னும் எண்ணம் அறிவுக்கு ஒவ்வாததன்று. தேனீயின் உறவினமாகிய குளவியிடம் இன்னும் தெளிவான குறியொன்று கிடைத்துள்ளது. பிரேசில் நாட்டுக் குளவியாகிய பாலிபியா ஆக்சிடென்டாலிஸின் நஞ்சிலிருந்து ஆக்சிடென்டாலின் என்று பெயரிடப்பெற்ற ஒரு சிறு பெப்டைடைப் பிரசிலியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்தனர். அது வலிப்பை உண்டாக்கும் பொருள்கள் செலுத்தப்பட்ட எலிகளை வலிப்பினின்று காத்தது. அவர்கள் குளவியைக் கொணர்ந்து எலியைக் கொட்டுவித்தாரல்லர் என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக. நஞ்சைப் பல கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே சோதித்து, பயனுடையதொன்றைக் கண்டு, அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக ஆக்கி, சிறிது மாற்றியும் பார்த்து, அதன்பின்னரே அளவறிந்து செலுத்தினர்.

எலிக்கு நலம் செய்தது மனிதர்க்கும் நலம் செய்யுமா என்பது அடுத்த வினா. இவ்வினாவிற்கு விடை தேடியோர் இருவகையினரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் நஞ்சினைப் போற்றும் செய்திகளில் இவர்களுக்கு இடமே கிடைப்பதில்லை.

நெதர்லாந்து நாட்டில் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் கொடிய நரம்பு நோயுடையார் 26 பேர் ஓர் ஆராய்ச்சிக்கு இசைந்தனர். அதன் முடிவு 2005-இல் வெளிவந்தது. வாரம் மும்முறை, ஒரு முறைக்கு இருபது கொட்டு வரை, உயிருள்ள தேனீக்களைக் கொண்டு 24 வாரம் கொட்டுவிக்கப்பட்டனர். மற்றொரு 24 வாரம் அம்முறையின்றி இருந்தனர். இரு காலத்தையும் ஒப்பிட்டு நோக்கினர். மூளையின் படத்திற் புண்கள் குறையவில்லை, உடலின் இயலாமை குறையவில்லை, சோர்வும் குறையவில்லை. அத்துணை எரிச்சலையும் பொறுத்துக்கொண்ட அந்த 26 பேரையும் எண்ணும்போது எம் உள்ளம் நெகிழ்கின்றது. பயனில்லை என்னும் செய்தியை உலகிற்குத் தந்ததும் ஒரு கொடையே. அக்கொடைக்கு நன்றி சொல்வார்தாம் அரியர்.

மற்றையது பாரிசு நகரத்தது. 2016-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில் நடுக்குவாதமுடையார் 40 பேர் சேர்ந்தனர். ஒரு சாரார்க்குத் திங்கள்தோறும் 100 மைக்ரோகிராம் தேனீ நஞ்சு ஊசி வழியே கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு தேனீக் கொட்டின் அளவு. மற்றொரு சாரார்க்கு வெறும் உப்புநீர். எவர்க்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் மருத்துவர்க்கும் தெரியாது. 11 திங்கள் கழித்து நோக்கியபோது இரு சாரார்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அளவும் தடவையும் மிகுந்திருப்பின் வேறு விளைவு தோன்றுமோ என்னும் ஐயத்தை அவ்வாராய்ச்சியாளரே எழுப்பினர். அஃது ஆராயத்தக்கதே. ஆயின் ஐயத்தை ஆராய்வது வேறு; ஐயத்தையே பொட்டலம் கட்டி விற்பது வேறு.

கொட்டுச் சிகிச்சையோ பழையது. ஆஸ்திரியப் பேரரசின் மாரிபோர் நகரில் வாழ்ந்த ஃபிலிப் டெர்ச் என்னும் மருத்துவர், தேனீக் கொட்டினால் வாத நோயாளர் பலர் நலமுற்றனர் என்று 1888-இல் எழுதினார். அவர் கூறியது அவர் கண்டதே என்று கொள்வோம். ஆயின் கொட்டப்படாதோரை உடன்வைத்து ஒப்பிட்டுப் பாராதவிடத்து, தானே தணிந்த நோயின் புகழும் தேனீக்கே சென்றுவிடும். அவர் வழி வந்தோர் இன்றும் பல நாடுகளில் உளர். ஸ்பெயின் நாட்டில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர், இரண்டாண்டுகளாகத் திங்களுக்கொருமுறை கொட்டுச் சிகிச்சை பெற்றுத் துன்பமின்றி இருந்தவர், ஒரு நாள் ஒரு கொட்டினால் உடல் முழுதும் ஒவ்வாமை பொங்கி, சில வாரத்தில் மாண்டார் என்று 2018-இல் மருத்துவ இதழொன்று அறிவித்தது. நேற்று வரை பொறுத்த உடல் இன்றும் பொறுக்கும் என்பதற்கு உறுதியில்லை. வலிப்பு நோயாளிக்கோ இடர் இரட்டிப்பாகும். ஒவ்வாமையினால் குருதியழுத்தம் வீழ்ந்து மூளைக்கு உயிர்வளி குன்றினால், தணிக்க விழைந்த வலிப்பே தலைதூக்கவும் கூடும்.

தேனீ நஞ்சு உண்மையிலேயே மருந்தாக நிலைத்த இடம் ஒன்றுண்டு. தேனீக் கொட்டினால் உயிருக்கே இடர் நேரும் ஒவ்வாமையுடையார்க்கு, நஞ்சினை மிகச் சிற்றளவிலிருந்து படிப்படியாக ஏற்றிக் கொடுத்து உடலைப் பழக்குவது அது. அதன் வரலாறு எமக்கு மிகவும் சுவையுடையதாகத் தோன்றுகின்றது. பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் முழுப் பூச்சியையே அரைத்தெடுத்த சாற்றினைக் கொடுத்து வந்தனர். கொடுத்தோரும் கொண்டோரும் அதனை மனமார நம்பினர். 1978-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் தூய நஞ்சினையும், முழுப் பூச்சிச் சாற்றினையும், மருந்தற்ற ஊசியையும் ஒப்பிட்டனர். தூய நஞ்சு காத்தது. முழுப் பூச்சிச் சாறு மருந்தற்ற ஊசியினும் மேம்படவில்லை. கற்றறிந்த மருத்துவரின் நெடுநாள் அனுபவமே இவ்வாறு தவறுமாயின், ‘எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர்க்குக் குணமாயிற்று’ என்னும் சான்றிற்கு யாம் எத்துணை மதிப்புத் தருவது?

நஞ்சினின்று மருந்து பிறந்த பிற கதைகளும் இதனையே காட்டுகின்றன. பிரேசில் நாட்டு ஜரராக்கா என்னும் விரியன் பாம்பின் நஞ்சு குருதியழுத்தத்தை வீழ்த்துவது. அந்நஞ்சின் ஒரு கூற்றை 1960-களில் செர்ஜியோ ஃபெரேரா ஆராய்ந்தார். அவ்வறிவைக் கொண்டு வேதிநூலார் அமைத்த காப்டோப்ரில் என்னும் மாத்திரை 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மாத்திரையில் பாம்பின் நஞ்சு ஒரு துளியும் இல்லை. அதன் வழி பெற்ற அறிவே உண்டு. கடலின் கூம்புச் சங்கினுடைய நஞ்சினின்று தோன்றிய சிகோனோடைடு, தாங்கொணா வலியுடையார்க்கு 2004-இல் ஒப்புதல் பெற்றது. அதுவும் முதுகுத்தண்டின் நீரில் நுண்ணிய அளவில், கருவியின் துணைகொண்டு செலுத்தப்படுவது. குருதியழுத்தம் மிக்காரை விரியன் புற்றிற்குள் கைவிடச் சொல்வார் எவரும் இலர். தேனீ சிறியது, அது நமக்குத் தேன் தருவது என்பதனாலன்றோ அதனிடம் மட்டும் இந்த அச்சமின்மை!

இத்துணையும் கூறியபின், ‘ஆராய்ச்சியே வேண்டா, உள்ள மருந்து போதும்’ என்று எம்மைப் பொருள்கொள்ளற்க. உள்ள மருந்து எவ்வளவு போதும், எவ்விடத்துப் போதாது என்பதனையும் சொல்லுகின்றோம். பழங்காலக் கிரேக்கர் வலிப்பைத் ‘தெய்வ நோய்’ என்றனர். ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் நூலொன்று, ஏனை நோய்களினும் இதற்குத் தெய்வத்தன்மை மிகுதியில்லை, இது மூளையிற் பிறப்பது என்று ஏறக்குறைய 2,400 ஆண்டுகட்கு முன்பே மறுத்தது. நம் தமிழ் வேதாகமத்தில் மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் வரும் சிறுவனைச் ‘சந்திரரோகி’ என்று மொழிபெயர்த்தனர். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லும் திங்களின் பெயரடியாகப் பிறந்ததே. சொல்லிற் படிந்த பழைய நம்பிக்கை அங்ஙனம். அச்சிறுவனின் தந்தை பட்ட துயரமோ இன்றும் பழமையாகவில்லை.

மருந்துகள் மெல்லவே வந்தன. 1857-இல் சார்லஸ் லோகாக் புரோமைடின் பயனை வெளியிட்டார். 1912-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன், உறக்கத்திற்கெனக் கொடுக்கப்பட்ட ஃபீனோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கண்டார். 1938-இல் பாஸ்டன் நகரில் மெரிட், புட்னம் என்னும் இருவர் ஃபெனிட்டாயினின் பயனை நிறுவினர். இம்மருந்துகள் இன்றும் பயன்படுகின்றன. உலகில் வலிப்பு நோயுடையார் ஏறக்குறைய 5 கோடி என்றும், அவருள் நூற்றுக்கு எண்பதின்மர் வரை வறிய நாடுகளிலும் இடைநிலை நாடுகளிலும் வாழ்கின்றனர் என்றும், உரிய மருத்துவம் கிட்டின் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழ்தல் கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஓராண்டிற்கு 5 டாலர் செலவிலேயே பலர்க்கு மருந்தளித்தல் இயலும் என்பதும் அதன் கூற்று. ஆயின் மூவரில் ஒருவர்க்கு இம்மருந்துகள் பயன்படுவதில்லை. அந்த மூன்றாமவர்க்காகவே தேனீயின் நஞ்சையும் குளவியின் நஞ்சையும் துருவித் துருவி ஆராய்தல் வேண்டும் என்கின்றோம். ஏனை இருவர் கையிலுள்ள மாத்திரையைக் கீழே போட்டுவிட்டு அவ்வாராய்ச்சியின் பின் ஓடலாகாது என்பதும் எம் வேண்டுகோள். நாடோறும் உண்ணும் வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாது தொடர்ந்து உயிரையே வாங்கிவிடக்கூடும். புதிய மருந்தின் பெயரால் நேரும் தீங்குகளில் இதுவே பெரிது. தேனீயின் கொடுக்கைக் காட்டிலும் கொடிது.

நம் நாட்டில் இந்நோயாளர்க்கு நோயினும் பெரிய சுமை ஒன்றுண்டு: மறைத்தல். இந்து விவாகச் சட்டத்தில், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு திருமணத்திற்குத் தடையென்று எழுதப்பட்டிருந்தது. 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினும் பேச்சு நீங்கிற்றா? பெண் பார்க்க வருவோர்க்குத் தெரியக்கூடாதென்று மருந்துப் புட்டியின் தாளைக் கிழித்து வைக்கும் இல்லங்கள் இன்றும் உள. மறைவில் வாழ்வோரே மறைவான வைத்தியத்திற்கு எளிதில் இரையாகின்றனர். ஓராண்டிற்கு முன் விழாக்கூட்டமொன்றில் இளைஞர் ஒருவர் வலிப்புற்று வீழக் கண்டோம். நொடிப்பொழுதில் நான்கு சாவிக்கொத்துக்கள் அவர் கையை நோக்கி நீண்டன; அவர் தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. இரண்டொரு நிமிடத்தில் வலிப்புத் தானே நிற்குங்கால் கையிலிருந்த சாவி புகழைப் பெற்றுக்கொள்கின்றது. டெர்ச் கண்ட நோயாளர்க்கும் இச்சாவிக்கும் உள்ள ஒற்றுமையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

செய்யத்தக்கது எளிது. வீழ்ந்தவரைச் சூழ்ந்து நெருக்காமல், கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கு மெல்லியதொன்றை வைத்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கச் செய்தல் வேண்டும். வாயில் எதனையும் திணித்தலாகாது. கைகால்களை அமுக்கிப் பிடித்தலும் ஆகாது. கடிகாரத்தை நோக்குதல் வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடப்பின் 108-ஐ அழைத்தல் வேண்டும்.

‘நம்பிக்கையோடிருப்பாரின் நம்பிக்கையை நீங்கள் ஏன் கெடுக்கின்றீர்?’ என்று இக்கட்டுரையின் முதற்படியைப் படித்த நண்பர் ஒருவர் வினவினார். அவர்க்கு யாம் உரைத்த விடை இது. பாரிசின் 40 பேரும், நெதர்லாந்தின் 26 பேரும் தம் உடலையே ஈடாக வைத்துப் பெற்றுத் தந்த விடையை மறைத்து ஊட்டப்படும் நம்பிக்கை, நோயாளியின் நம்பிக்கையன்று, விற்போனின் முதல். பிரசிலியாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு நாள் வலிப்பு மருந்து வருதல் கூடும். வந்தால் அது முதலில் நலமுடையார் சிலர்க்கும், பின்னர் நோயாளர் சிலர்க்கும், பின்னர்ப் பலர்க்கும் கொடுக்கப்பட்டு, உப்புநீரோடு ஒப்பிடப்பட்டே வருதல் வேண்டும். அஃது எத்தனை ஆண்டில் என்று எம்மாற் கூறலாகாது. அதுவரையில் அதன் ஒவ்வொரு படியையும், வென்றதையும் தோற்றதையும் ஒருங்கே, நம் வீட்டுப் பெரியோர் படித்தறியும் தமிழில் எழுதுவாரும் வேண்டும். ‘எலியிற் கண்டது’ என்னும் இரு சொற்களைத் தலைப்பிலேயே அச்சிடும் துணிவு அவர்க்கு இருத்தல் வேண்டும். விலங்கு நூல் மாணாக்கர் ஒருவரும் தமிழ் மாணாக்கர் ஒருவரும் சேர்ந்து இம்மலருக்கு ஆண்டிற்கொரு கட்டுரை இவ்வகையில் எழுதுவதாயின், அடுத்த ஆண்டிற்குரிய பங்கினை யாம் ஏற்க ஆயத்தமாயிருக்கின்றோம்; விலங்கு நூலார் எவரேனும் முன்வருக.